புருண்டிபார் ஒத்திகை

சரித்திரத்தின் கொடிய பக்கமொன்றைக் குழந்தைகளைக் கொண்டு மேடையேற்ற முற்படும் ஆசிரியர் ஒத்திகையின் முதல் நாளிலேயே ஒரு தர்மசங்கடத்துக்கு ஆளாகிறார்: சோகத்தை மறைத்தால் மாண்டவர்களுக்குத் துரோகம், அதையே ஓயாது சொன்னாலோ பிள்ளைகளின் தொண்டை அடைத்துவிடும். 'புருண்டிபார்' என்னும் செக் மொழிச் சிறுவர் இசை நாடகத்தின் வரலாறு இச்சங்கடத்துக்கு நல்ல வழியொன்றைக் காட்டுவதாக நான் கருதுகிறேன்.

1938-ல், செக்கோஸ்லோவாக்கியக் கல்வி அமைச்சின் போட்டி ஒன்றுக்காக ஹான்ஸ் க்ராசா இசையமைக்க, அடால்ஃப் ஹாஃப்மைஸ்டர் எழுதிய கதை மிக எளியது. நோயுற்ற தாய்க்குப் பால் வாங்கக் காசில்லாத இரு குழந்தைகள் சந்தையில் நின்று பாடுகிறார்கள். புருண்டிபார் என்னும் தெருவாத்தியக்காரன் அவர்களை விரட்டுகிறான். ஒரு குருவியும் பூனையும் நாயும் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டிவந்து அவனைத் தோற்கடிக்கின்றன. ஜெர்மானியப் படை பிராக் நகருள் புகுமுன்பே பிறந்துவிட்ட சிருஷ்டி இது. அந்த வாத்தியக்காரனிடத்தில் ஹிட்லரைக் கண்டவர்கள், பின்னர் நாஜிகளின் டெரெஸின் முகாமில் அமர்ந்து அதைப் பார்த்தவர்களே.

பிராக் நகரத்து யூத அநாதைச் சிறுவர் இல்லத்தில் முதலில் அரங்கேறிய நாடகம், அப்பிள்ளைகளும் ஆசிரியர்களும் டெரெஸின் முகாமுக்கு அனுப்பப்பட்டபோது அவர்களுடனேயே சென்றது. ருடால்ஃப் ஃப்ராய்டென்ஃபெல்ட் என்ற இளம் ஆசிரியர் தம் மூட்டையில் கொண்டுவந்திருந்த பியானோ சுரக்குறிப்பிலிருந்து, முகாமில் கிடைத்த வாத்தியங்களுக்கேற்ப க்ராசா இசையை மீண்டும் எழுதினார். மேடைக்கலைஞர் ஃப்ராண்டிசெக் ஜெலென்கா பலகைவேலி ஒன்றை நிறுத்தி, பிராணிகளின் சித்திரங்களில் முகத்துக்குரிய இடத்தை மட்டும் வெட்டிவிட, பிள்ளைகள் அத்துளைகளின் வழியே தலையை நீட்டிப் பாடினார்கள். பசியோடும் பேனோடும் வாழ்ந்த குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் எடுத்துக்கொண்ட இப்பிரயாசையை நினைக்கும்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

1943 செப்டம்பர் 23-ல் தொடங்கி, ஓராண்டுக்குள் 55 முறை நாடகம் நடந்தது. இடையிடையே கிழக்கிலிருந்த கொலைமுகாம்களை நோக்கி ரயில்கள் புறப்பட்டுக்கொண்டே இருந்தமையால், நேற்றுப் பாடியவர் இன்று இல்லை. அவ்விடத்தில் புதிய குழந்தை ஒன்றை நிறுத்தி, முதல் அடியிலிருந்து மீண்டும் சொல்லிக்கொடுத்தார்கள். யூதர்கள்மேல் திணிக்கப்பட்ட மஞ்சள் நட்சத்திரச் சின்னத்தை, மேடையில் நின்ற நேரத்துக்கு மட்டும் பிள்ளைகள் அணிய வேண்டியிருக்கவில்லை. 1944 ஜூன் 23-ல் வந்த செஞ்சிலுவைச் சங்கத்தாரை ஏமாற்ற நாஜிகள் இந்நாடகத்தையே காட்டினர். பிரசாரப் படத்திலும் அதைச் சேர்த்தனர். அவ்வாண்டு அக்டோபரில் க்ராசா ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். நடித்த பிள்ளைகளிலும் பெரும்பாலோர் மீளவில்லை.

இன்று இதை ஒத்திகை பார்க்கும் ஆசிரியர்கள் சிலர், இந்த முடிவை எண்ணியே முதல் பாட்டையும் ஒப்பாரியின் சாயலில் பாடவைப்பது பிழை என்பது என் திடமான அபிப்பிராயம். டெரெஸின் குழந்தைகள் ஒப்பாரி வைக்கவில்லை. குதித்தார்கள், மியாவ் என்றார்கள், வில்லனை ஓடஓட விரட்டினார்கள். அக்களிப்பும் சரித்திரமே. பூனை வேஷம் போட்ட எலா வைஸ்பெர்கர் உயிர் பிழைத்து, முதுமையில் தேசந்தோறும் சென்று புதிய பூனைகளைச் சந்தித்து, முகாமின் கதையைத் தம் வாயாலேயே கூறியபின், இறுதிப் பாட்டில் அவர்களோடு சேர்ந்து பாடிவந்தார். ஆசிரியர்களும் அவ்வாறே முகாமின் கதையைத் தனியே ஒரு பொழுதில், பெயர்களோடும் தேதிகளோடும், கேள்விக்கெல்லாம் விடைசொல்லி முடித்துவிட்டு, ஒத்திகைக்கென்று கூடும் பொழுதில் பூனையைச் சுவரேறித் தாவ விட்டுவிடலாம்.