போனட்டில் வெட்டிய ஓட்டை



பட்டணத்துச் சாலையில் போகும் சில கார்களின் முன்மூடியில், அதாவது நாம் போனட் என்று சொல்லும் தகட்டின் மேல், தவளை வாய் திறந்தாற்போல ஒரு மேடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்கூப் என்று பெயர். மளிகைக் கடையில் சீனி அள்ளுகிறார்களே, அந்தக் கரண்டிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். கடையில் அது சீனியை அள்ளுகிறது. காரில் இது காற்றை அள்ளுகிறது, அல்லது அள்ளுவதாகப் பாவனை செய்கிறது. நல்ல தகட்டை அறுத்து, தனியே விலைக்கு வாங்கிய ஸ்கூப்பைப் பொருத்தும் பழக்கம் எங்கே பிறந்தது? மிச்சம் பிடித்து முதல் காரை வாங்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருப்பதால், இந்தக் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அடுப்பில் விறகு புகையும்போது ஊதுகுழலை எடுக்கிறோம். நெருப்புக்குக் காற்று வேண்டும். இஞ்சினுக்கும் அப்படியே. 1 கிலோ பெட்ரோல் முழுதாய் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை. ஆனால் காற்று சூடேறினால் விரிந்து இலேசாகிவிடும். போனட்டுக்கு அடியில் 60 பாகைச் சூடும் வெளியே 30 பாகையும் இருந்தால், உள்ளே உள்ள காற்று வெளிக்காற்றைவிட நூற்றுக்கு 9 பங்கு எடை குறைந்தது. வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றை இஞ்சினுக்குக் கொடுத்தால் அதன் பலம் கூடும். வேகமாகப் போகும்போது காற்று தானே நெருக்கிக்கொண்டு உள்ளே நுழையும் என்று பலர் எண்ணுவதுண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நெருக்கம் சாதாரணக் காற்றழுத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்குகூடத் தேறாது. ஸ்கூப்பினால் பலன் உண்டென்றால் அது குளிர்ச்சியினால் வருவது.

இந்த வித்தையை வளர்த்தவர்கள் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து இளைஞர்கள். 1930-களில் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, முரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். சிலர் போனட்டையே வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். சிலர் அதில் வரிசை வரிசையாகக் கீறல் பிளவுகள் போட்டார்கள்; அவை சூடு வெளியேற. யுத்தம் முடிந்தபின் இந்த ஆசை நாடெங்கும் பரவியது. 1948-இல் இதற்கென்றே 'ஹாட் ராட்' என்னும் சஞ்சிகை வெளிவந்தது; அதன் ஆசிரியராயிருந்த வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார். இரண்டு மூன்று கார்புரேட்டர்களை இஞ்சினின் தலைமேல் ஏற்றியபோது, அவை போனட்டுக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றன. மூடி மூடவேண்டுமானால் வெட்டித்தான் ஆகவேண்டும். ஆக, ஓட்டைக்கு முதற்காரணம் பல வேளைகளில் இடப் பற்றாக்குறையே.

இனித்தான் வேடிக்கை. பெரிய கம்பெனிகள் இதைக் கவனித்தன. 1964-ஆம் ஆண்டு மாடலாகப் பாண்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய காரின் 6.4 லிட்டர் இஞ்சினைச் சிறிய காருக்குள் வைத்ததுதான் அதன் சூட்சுமம். அதன் போனட்டில் இரண்டு ஸ்கூப்புகள் இருந்தன. இரண்டும் பொய்! உள்ளே வழியே கிடையாது. வீட்டுச் சுவரில் ஜன்னலைச் சாயத்தால் வரைந்து வைப்பதுபோல. இருந்தாலும் முதல் ஆண்டில் 32,450 கார்கள் விற்றன. அடுத்த ஆண்டு 75,352. பொய் மூக்கு விற்பனைக்கு இடைஞ்சல் செய்யவில்லை என்பது தெளிவு.

1965 மாடலில் இரண்டுக்குப் பதில் நடுவில் ஒன்றே வைத்தார்கள். அதுவும் அடைத்ததுதான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் நிறுவனமே ஓர் உபரிப் பெட்டியை விற்கத் தொடங்கியது. கார்புரேட்டர்களைச் சுற்றி உட்காரும் ஒரு தகரத் தட்டும், அது போனட்டின் அடியில் இறுக்கமாகப் பொருந்தும்படி ஒரு பஞ்சு ரப்பர் விளிம்பும் அதில் இருந்தன. அடைத்த வாயைத் திறந்து அதோடு இணைத்தால் பொய் ஸ்கூப் மெய்யாகிவிடும். முதலில் மூடியதை விற்று, பிறகு திறப்பதற்கும் காசு வாங்கிய சாமர்த்தியத்தை என்னென்பது!

திறந்தும் பலன் பெரிதாக இருந்ததா? அங்கேதான் சந்தேகம். ஆற்றில் நடுநீர் விரைந்து ஓட, கரையோரத்து நீர் தயங்கித் தயங்கிப் போகிறதல்லவா? ஓடும் காரின் தகட்டை ஒட்டிய காற்றும் அப்படித் தயங்குகிறது. பாண்டியாக்கின் ஸ்கூப் மிகத் தாழ்வாக இருந்ததால் இந்தச் சோம்பற் காற்றே அதற்குப் பெரும்பாலும் கிடைத்திருக்கும். இஞ்சின் உறுமும் ஓசை மட்டும் கம்பீரமாகக் கேட்டது. ஓட்டப் பந்தயத்துக்கென்றே போர்டு 1964-இல் ஏறக்குறைய 100 தண்டர்போல்ட் கார்களைச் செய்தபோது, போனட்டின் புடைப்பை இஞ்சினுக்கு இடம் விடத்தான் வைத்தது. காற்றுக்கு, நான்கு முன்விளக்குகளில் உள்ளிரண்டை எடுத்துவிட்டு அந்தத் துவாரங்களில் கம்பிவலை போட்டுக் குழாய் இழுத்தது. அழகு குறைந்தாலும் அறிவு அங்கே வேலை செய்தது.

பந்தயக் காரும் புதுக் காரும் வாங்க முடியாதவர்கள் நார்க்கண்ணாடியில் செய்த ஸ்கூப்பை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாங்களே வெட்டினார்கள். அந்த வேலையின் பக்குவத்தைச் சொல்லத்தான் வேண்டும். கார்புரேட்டருக்கு மேலுள்ள காற்று வடிகட்டியின் மீது களிமண் உருண்டைகளை வைத்து, போனட்டை மெல்ல இறக்கித் தூக்கினால், எங்கே எவ்வளவு இடிக்கிறது என்பதை நசுங்கிய மண்ணே காட்டிவிடும். பிறகு காகித அச்சை ஒட்டிக் கோடிழுத்து, மூலைகளில் முதலில் வட்டத் துளை போடுவார்கள். கூர்மூலையாக அறுத்தால் தகடு அங்கிருந்து பிளந்துகொண்டு போகும். போனட் என்பது ஒற்றைத் தகடன்று. மேல்தகட்டுக்கு அடியில் விலா எலும்புபோல ஒரு சட்டம் இருக்கிறது. பால்மரம் சீவுகிறவர்களுக்கு இது விளங்கும்: பட்டையோடு நிற்கவேண்டிய கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் ஆறாது. சட்டத்தை அறுத்துவிட்ட போனட்டும் அப்படியே, ஓட்டத்தில் உதறத் தொடங்கும். அறுத்த விளிம்பை அன்றே சாயம் பூசி மூடாவிட்டால் துரு பிடித்துவிடும். மழைத்தண்ணீர் வடியவும் வழி வைக்கவேண்டும். நம் நாட்டு மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1968 முதல் 1970 வரை நிறுவனங்களே உண்மையான ஓட்டைகளைப் போட்டன. போர்டு மஸ்டாங்கில் 1969-இல் வந்த ஸ்கூப் இஞ்சினோடு சேர்ந்தே பொருத்தப்பட்டு, போனட்டின் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. 1970 பிளிமத் ரோட்ரன்னரில் ஒரு விசையைத் தட்டினால் மூடி எழும்பும். பக்கத்தில் சுறாப் பல் படம் வரைந்திருக்கும். 1970 ஷெவலேயில் வாய் பின்பக்கம் பார்த்திருந்தது. கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்குவதால் அங்கே அழுத்தம் அதிகம். நமக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

பின்னர் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. புகைச் சட்டங்கள் இறுகின. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்த 1973 மாடலிலேயே பாண்டியாக் டிரான்ஸ் ஆம் காரின் ஸ்கூப்பைத் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் சும்மா இருந்தார்களா? அந்தத் தகட்டை வெட்டித் திறந்துகொண்டார்கள்.

1992-இல் ஜப்பானின் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் ஸ்கூப் வேறொரு வேலைக்காக வந்தது. டர்போ விசிறி அழுத்தித் தரும் காற்று சூடாக இருக்கும். அதைத் தணிக்கும் இண்டர்கூலர் என்ற பெட்டி இஞ்சினின் மேலே இருக்கிறது; ஸ்கூப்பில் நுழையும் காற்று அதன் மேல் விழுந்து கீழே போய்விடுகிறது, இஞ்சினுக்குள் போவதே இல்லை. டர்போ இல்லாத காரில் அதே வடிவ ஸ்கூப்பை வெட்டிப் பொருத்தினால், அதற்கு அடியில் குளிர வைக்க ஒரு பெட்டியும் கிடையாது.