பட்டியலில் இரண்டு பெயர்கள்

1981 ஜனவரி 25 அன்று, லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில், டேவிட் ஓவனின் வீட்டிலிருந்து நான்கு பேர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளில் 40 விழுக்காட்டைத் தொழிற்சங்கங்களுக்கு ஒதுக்குவதென முந்தைய நாள்தான் பிரிட்டன் தொழிலாளர் கட்சியின் சிறப்பு மாநாடு முடிவெடுத்திருந்தது. ஐரோப்பியப் பொதுச்சந்தையிலிருந்து விலகுவது, அணு ஆயுதங்களைத் தன்னளவில் கைவிடுவது எனக் கட்சி இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. இதை ஏற்காத முன்னாள் அமைச்சர்கள் ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், பில் ராட்ஜர்ஸ், ஷெர்லி வில்லியம்ஸ் ஆகியோர் மார்ச் 26இல் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். சீனத்து வழக்கை எடுத்துப் பத்திரிகைகள் இவர்களை ‘நால்வர் கும்பல்’ என்றன. அந்த நால்வரிலும் பெண் ஒருத்திதான். இந்த நால்வரிலும் பெண் ஒருத்திதான்.

ஷெர்லி, முதல் உலகப்போரின் இழப்புகளை எழுதிய வேரா பிரிட்டனின் மகள். தாயின் எழுத்து வழியாகவே நான் மகளின் அரசியலுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே என்னை நிறுத்தியது ஒரு விதி. ஒவ்வொரு தொகுதியிலும் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான இறுதிப் பட்டியலில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்று இந்தக் கட்சி தன் அமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. 1980களின் தொடக்கத்தில் அது சிறிய செய்தி அல்ல.

அந்த விதி என்ன சாதித்தது? 1983 பொதுத்தேர்தலில் லிபரல் கட்சியோடு சேர்ந்து நின்ற கூட்டணி 25.4 விழுக்காடு வாக்குகள் பெற்று 23 இடங்களை வென்றது. 23 பேரும் ஆண்கள். அதே தேர்தலில் நாடாளுமன்றம் முழுவதற்குமாக வென்ற பெண்களும் 23 பேர். அவர்களில் ஒருவர்கூட இந்தக் கூட்டணியைச் சேர்ந்தவர் அல்ல. ஷெர்லியும் தோற்றிருந்தார்.

காரணத்தைப் பெண்களின் தகுதியில் தேட வேண்டியதில்லை. தொழிலாளர் கட்சியிலிருந்து 28 உறுப்பினர்களும் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து ஒருவரும் புதுக் கட்சிக்கு வந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஆகவே, கட்சிக்கு ஓரளவு வேர் இருந்த தொகுதிகளில் ஏற்கெனவே ஓர் ஆண் உட்கார்ந்திருந்தார். எஞ்சியவை பெரும்பாலும் தோற்கும் தொகுதிகள். கூடவே, அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் தேர்தல் முறை. 27.6 விழுக்காடு பெற்ற தொழிலாளர் கட்சிக்கு 209 இடங்கள். ஏறக்குறைய அதே வாக்கு பெற்ற கூட்டணிக்கு 23. சமூக ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்த ஆறில் நான்கு, கட்சி மாறி வந்தவர்கள் காத்துக்கொண்டவை. ஐந்தாவது, 1982 இடைத்தேர்தலில் ஜென்கின்ஸ் வென்ற இடம். புதிதாக நுழைந்த ஒரே ஒருவர் 23 வயது சார்லஸ் கென்னடி.

ஷெர்லியின் தயக்கத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு. 1981 ஜூலையில் வாரிங்டன் இடைத்தேர்தலில் நிற்க அவர் மறுத்தார். ஜென்கின்ஸ் நின்று, சொற்ப வாக்குகளில் தோற்று, அந்தத் தோல்வியாலேயே தலைமைக்கு நெருங்கினார். ஆனால் நான்கே மாதங்களில் கிராஸ்பி தொகுதியில், கன்சர்வேட்டிவ் கட்சி 19,000 வாக்குகளுக்கு மேல் முன்னிலை பெற்றிருந்த கோட்டையில், 5,289 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் ஷெர்லி. அந்தக் கட்சியின் பெயரில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் உறுப்பினர் அவர்தான். அப்போதும் பத்திரிகைகள் அவருடைய கலைந்த தலைமுடியைப் பற்றி எழுதின. அடுத்து வென்ற பெண் ரோஸி பார்ன்ஸ், 1987இல் கிரீனிச் தொகுதியில். அதுவும் இடைத்தேர்தல். இருவரும் வந்தது எதிர்பாராமல் திறந்த கதவு வழியாக. 1988இல் கட்சியின் பெரும்பகுதி லிபரல் கட்சியோடு இணைந்தது.

இவர்கள் பழையது, திருந்தாதது என்று விட்டு வந்த தொழிலாளர் கட்சி, 1993இல் வேறொரு முடிவு எடுத்தது. வெற்றிவாய்ப்புள்ள, காலியான தொகுதிகளில் பாதியில் பெண்கள் மட்டுமே உள்ள இறுதிப் பட்டியல். ஆண்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 1996இல் தீர்ப்பாயம் அதைச் சட்டவிரோதம் என்றது. அதற்குள் தேர்வாகியிருந்த பெண்கள் களத்தில் நின்றார்கள். 1997இல் அந்தக் கட்சியிலிருந்து மட்டும் 101 பெண்கள் நாடாளுமன்றம் சென்றார்கள்.

இரண்டு விதிகளும் பட்டியலைப் பற்றியவைதான். முதல் விதி பெண்ணை ஆணோடு போட்டியிட அழைத்தது. யாருடைய இருக்கையையும் அசைக்கவில்லை. அதனால்தான் எவரும் அதை எதிர்த்து நீதிமன்றம் போகவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது விதி, ஆண்கள் தமதென்று நம்பியிருந்த இடங்களைத் தொட்டது. அதனால் வழக்கும் வந்தது, பலனும் வந்தது. பெண்களுக்கு இடம் தருகிறோம் என்று ஒரு புதிய கட்சி சொல்லும்போது நாம் மகிழலாம். மகிழ்ந்துகொண்டே, எந்தத் தொகுதியில், அங்கே இப்போது இருப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும்.