பெரியாஸ்பத்திரியில் பிடிபட்ட காய்ச்சல்

இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக் கட்டில்களில், மாதக்கணக்காய் விட்டுவிட்டுக் காய்ந்த ஜுரத்தால் தேகம் உலர்ந்து, இடப்பக்கம் மண்ணீரல் மட்டும் பருத்துக் கிடந்த நோயாளிகளுக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் இட்ட பெயர், நாட்பட்ட மலேரியா என்பதே. 1880-இல் அல்ஜீரியாவில் லவரான் மலேரியாக் கிருமியை மனித ரத்தத்தில் கண்டதும், 1897-இல் ஸிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டதும் வைத்திய உலகம் பெற்ற பெரும் பேறுகள். ஆயினும் அந்தப் பிரகாசத்தில் கண் கூசியவர்கள், ரத்தத்தில் கிருமி தென்படாத போதும், கொயினா மருந்துக்கு ஜுரம் அடங்காத போதும், மலேரியாவே காரணமென்று சாதித்து வந்தார்கள். அஸ்ஸாமில் ஊர்களைப் பாழாக்கிய, காலா அசார் என்ற இதே ஜுரத்தை ஆராய்ந்த ராஸும் அதனை மலேரியா என்றே முடிவு செய்தார்.

சென்னை வைத்தியக் கல்லூரியில் சரீர சாஸ்திரம் கற்பித்த சார்லஸ் டொனோவன், இத்தகைய ஜுரத்தால் இறந்தவர்களின் மண்ணீரலில், நுண்ணிய முட்டை வடிவப் பொருள்களை 1903-இல் கண்டார். கல்கத்தாவை அடுத்த டம்டமிலிருந்து திரும்பி இங்கிலாந்தில் மாண்ட ஒரு சிப்பாயிடம் லீஷ்மன் என்ற ராணுவ வைத்தியர் அவற்றை முன்பே கண்டிருந்தார். அந்தச் செய்தி 1903 மே மாதம் அச்சேறிற்று. ஆனால் பிணத்தில் கண்டதைச் சிதைவின் விளைவென்று தள்ளிவிடலாம் அல்லவா? ஜூன் 17-ஆம் தேதி, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில், உள்ளே குருதி பெருகினால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய அந்த இடத்தில், ஊசி செலுத்தி டொனோவன் ஒரு துளியை எடுத்தார். கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றினுள்ளும் பெரியதொரு புள்ளியும் அருகே சிறு கோலும் தெரியும். அவையே உயிருள்ள உடலிலும் இருந்தன. முதலில் கண்டவர் லீஷ்மன் என்பதில் ஐயமில்லை; நோயாளி பிழைத்திருக்கும்போதே காரணத்தைக் காட்டிய அந்த ஊசியையே நான் பெரிதாக மதிக்கிறேன். இருவருக்கும் உரிமை அளித்து, லீஷ்மேனியா டொனோவனி என்று கிருமிக்குப் பெயரிட்டவர், முன்பு மலேரியா என்று சொன்ன அதே ராஸ்தான்.

காரணம் தெரிந்த பின்னரே பரிகாரமும் பிறந்தது. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆன்டிமனியிலிருந்து யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை உருவாக்கி, சாவுக்கு விட்டுவிட்ட எண்ணற்றோரை மீட்டார். நோயைப் பரப்புவது மணல் ஈயின் கடியே என்பதை 1942-இல் ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்ற மூவரும், தாமாக முன்வந்த மனிதர்களைக் கடிக்கச் செய்து நிரூபித்தனர்.