அடித்தல் திருத்தல்

'டிராப்ட்' என்று காதில் விழுந்தால் எங்களைப் போன்ற பேங்க்காரர்களுக்கு டி.டி.தான் ஞாபகம் வரும். போன வாரம் மகள் சிவிக்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, அம்பேத்கர்தான் கான்ஸ்டிட்யூஷன் எழுதினார்னா, அதுக்கு முன்னாடி ஒரு டிராப்ட் இருந்துதாமே, அது யாருது? அது இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் படித்ததோ பி.காம். டெபிட், கிரெடிட் கேட்டால் சொல்லலாம். இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு பழைய புத்தகங்களைப் புரட்டினேன். அதில் கிடைத்த கதை இது.

முதல் வரைவு பெனகல் நரசிங்க ராவ் என்ற பி.என். ராவுடையது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர். அவர் 1947 அக்டோபரில் தயாரித்த வரைவில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் இருந்தன. அதைப் பரிசீலிக்க அமைந்ததுதான் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு. 1947 ஆகஸ்ட் 30 முதல் 141 நாட்கள் உட்கார்ந்து, 1948 பிப்ரவரி 21 அன்று 315 பிரிவுகள், 8 அட்டவணைகளோடு தங்கள் வரைவைக் கொடுத்தார்கள். எட்டு மாதம் அது மக்கள் பார்வையில் இருந்தது. பிறகு சபையில் விவாதம். கொடுக்கப்பட்ட திருத்தங்கள் ஏறக்குறைய 7,635. உண்மையில் முன்மொழியப்பட்டவை 2,473. 1949 நவம்பர் 26 அன்று நிறைவேறியபோது 395 பிரிவுகள். இந்தக் கணக்கெல்லாம் அம்பேத்கரே முந்தைய நாள் சபையில் சொன்னது. குழுவில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு: அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், பிறகு வந்து சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

எனக்குப் பிடித்துப்போனது வேறொரு விஷயம். 1948 வரைவோடு அம்பேத்கர் ஒரு கடிதம் கொடுத்தார். சபையும் அதன் குழுக்களும் ஏற்கெனவே எடுத்த முடிவிலிருந்து எங்கெல்லாம் மாற்றியிருக்கிறோமோ, அங்கெல்லாம் கோடிட்டுக் காட்டியிருக்கிறோம், ஏன் மாற்றினோம் என்று அடிக்குறிப்பும் போட்டிருக்கிறோம் என்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஹெட் கிளார்க் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். லெட்ஜரில் தப்பு வந்தால் பிளேடால் சுரண்டாதே. ஒரே ஒரு கோடு போடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியணும், சரியானதை மேலே எழுது, பக்கத்தில் இனிஷியல் போடு.

சுரண்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். முன்பு இருந்த ஒரு கிளையில் ஒரு கடன் நோட் நாலு தடவை திருத்தி எழுதப்பட்டது. கடைசி காப்பியை வைத்துக்கொண்டு மற்றதை ஷ்ரெட்டரில் போட்டுவிட்டார்கள். கடன் வராக்கடன் ஆனதும் விசாரணை வந்தது. முதல் நோட்டில் இருந்த ஒரு நிபந்தனை எப்படிக் காணாமல் போனது, யார் எடுத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு தாள்கூட இல்லை. கடைசிக் கையெழுத்து போட்டவர் தலையில் விடிந்தது. அவர் அந்த நிபந்தனையைப் பார்த்ததே இல்லை.

சரி, அடிக்குறிப்புக்கு வருவோம். பி.என். ராவின் வரைவில், 'டியூ பிராசஸ்' இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்று இருந்தது. நியாயமான முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவிலிருந்து வந்த சொல். ராவ் அமெரிக்கா போனபோது அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், இதை வைத்தால் நீதிபதிகள் கையில் அதிகாரம் மிதமிஞ்சிப் போகும் என்றார். 1948 வரைவில் அந்தச் சொல் போய், 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று வந்தது. அடிக்குறிப்பில் காரணமும் இருக்கிறது: இதுதான் இன்னும் குறிப்பானது, 1946 ஜப்பான் அரசியல் சட்டத்தின் 31வது பிரிவைப் பார்க்க என்று. சபையில் பலர் பழைய சொல்லையே கேட்டார்கள். அல்லாடி புதியதற்கு ஆதரவு. அம்பேத்கர் இரண்டு பக்க நியாயத்தையும் சொல்லிவிட்டு முடிவைச் சபைக்கே விட்டார். புதிய சொல்லே நின்றது.

(விவாதங்களைப் படிக்கிறவர்கள் கவனிக்க: அங்கே இது 15வது பிரிவு, இன்றைக்கு 21. இன்றைய 15 அங்கே 9. இந்த எண் குழப்பத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தவறான பக்கத்தைப் படித்தேன்.)

ஒரு சொல்தானே என்று தோன்றும். 1950இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவல் சட்டத்தில் சிறையில் இருந்தார். உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார்: சட்டம் என்று ஒன்று இருந்தால் போதுமா, அது நியாயமாகவும் இருக்க வேண்டாமா? தலைமை நீதிபதி கனியா, இந்தச் சொல் வரைவுக் குழுவில் பரிசீலிக்கப்பட்டு விடப்பட்டது என்பதையும் எடுத்துப் பார்த்தார். சபையில் பேசியதையெல்லாம் வைத்துச் சட்டத்துக்கு அர்த்தம் சொல்லக்கூடாது என்றார் பதஞ்சலி சாஸ்திரி. எப்படியோ, கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அடித்துவிட்ட சொல்லின் பொருள் 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் திரும்பி வந்தது. நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தீர்ப்பானது.

அதோடு முடியவில்லை. 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் மறுபடியும் 1947 காகிதங்கள் வெளியே வந்தன. கடிதப் போக்குவரத்து ரகசியம் பற்றி முன்ஷி வரைவில் இருந்தது, பி.என். ராவும் அல்லாடியும் ஆட்சேபித்துப் போனது. ஆக, வேண்டாம் என்று விட்டதுதான் என்பது அரசுத் தரப்பு. ஒன்பது நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. அப்போது அரசுக்காக நின்ற அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், 1950இல் கோபாலனுக்காக நின்ற நம்பியாரின் மகன்!

மகளின் இன்னொரு கேள்வி பாக்கி: அந்த வரைவுகள் எங்கே? பி.என். ராவின் தம்பி, பத்திரிகையாளர் பி. சிவராவ், 1960களில் அவற்றைத் தொகுத்துப் பல பாகங்களாக அச்சில் கொண்டுவந்தார். இன்னொரு சகோதரர் ராம ராவ் எங்கள் ரிசர்வ் வங்கி கவர்னர்; 1957இல் நிதியமைச்சரோடு ஒத்துப்போகாமல் ராஜினாமா செய்தவர். அந்த நிதியமைச்சர் யாரென்று நினைக்கிறீர்கள்? வரைவுக் குழுவின் அதே டி.டி.கே.

இவ்வளவையும் மகளிடம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பரீட்சையில் கேட்டது, 1949இல் எத்தனை பிரிவு, எத்தனை அட்டவணை என்று மட்டும்தான். 395, 8 என்று எழுதியிருக்கிறாள்.