இலையில் செய்த சுங்கான்

பிரான்ஸ் நாட்டின் ஜூரா மலைப்பகுதியில் செயின்ட் க்ளாட் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. சங்கரன்கோவிலைப் போல அதுவும் பக்தர்களை நம்பி வளர்ந்த ஊர்தான். புனித க்ளாடை வணங்க வந்த யாத்திரிகர்களுக்காக அந்த ஊர்க்காரர்கள் மரத்தில் ஜெபமாலை மணிகளும் சிறு சாமான்களும் கடைந்து விற்றார்கள். 1850களில் அவர்கள் கையில் ஒரு புது மரம் கிடைத்தது. மத்தியதரைக் கடல் ஓரம் வளரும் பிரையர் என்ற புதர்ச்செடியின் வேர்க்கட்டை அது. தீயில் எளிதில் கருகாது, அப்படி ஒரு இறுக்கம். அதை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, பிறகு கடைந்து புகை பிடிக்கும் பைப் செய்தார்கள். தமிழில் இதற்குச் சுங்கான் என்று அழகான ஒரு சொல் உண்டு. இன்று அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை.

ஒரு நல்ல மரச் சுங்கானை ஒழுங்காகப் பராமரித்தால் தாத்தா பிடித்ததைப் பேரனும் பிடிக்கலாம். அதைச் செய்தவருக்குக் கலைஞர் என்ற பெயர், செய்த பொருளுக்கு நல்ல விலை, சேகரிப்பாளர்களுக்கென்று தனிச் சந்தை எல்லாம் உண்டு.

நெல்லைச் சீமையில் மரச் சுங்கான் ஒரு கைத்தொழிலாக வேர் பிடிக்கவில்லை. இங்கே வேர் பிடித்தது பீடி. யோசித்துப் பார்த்தால் பீடியும் ஒரு சுங்கான்தான்! கிண்ணமும் தண்டும் ஒன்றாகச் சேர்ந்த, இலையால் செய்த சுங்கான். என்ன, புகையிலையோடு சேர்ந்து தானும் எரிந்துவிடும். மரச் சுங்கான் செய்தவர் வருடத்துக்கு எத்தனை செய்தார் என்று கணக்கிடலாம். பீடி சுற்றுபவருக்குக் கணக்கு ஆயிரத்தில்தான், அதுவும் ஒரு நாளைக்கு.

புகையிலை இந்த நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. பீஜப்பூருக்குத் தூது போன ஆசாத் பேக் என்ற அதிகாரி, 1604-05 வாக்கில் அங்கிருந்து புகையிலையும் ரத்தினம் பதித்த ஒரு புகைக்குழாயும் கொண்டுவந்து அக்பர் முன்னால் வைத்தார். அரண்மனை வைத்தியர் தடுத்தும் கேட்காமல் அக்பர் சில இழுப்பு இழுத்துப் பார்த்தார் என்று ஆசாத் பேக்கே எழுதி வைத்திருக்கிறார். அக்பருக்கு அது பழக்கமாகவில்லை. ஆனால் அவையிலிருந்த பிரபுக்களுக்குப் பிடித்துப்போனது. 1617இல் ஜஹாங்கீர் தடை போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை.

தமிழர்களும் சளைத்தவர்கள் அல்ல. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பி 'புகையிலை விடு தூது' பாடினார். அதைத் தேடிப் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். திருச்சியும் திண்டுக்கல்லும் அந்த அளவுக்குப் பெயர் வாங்கியிருந்தன.

ஆனால் சுருட்டுக்கு முழுப் புகையிலை இலை வேண்டும். பீடிக்குச் சிட்டிகைத் தூள் போதும், சுமார் 0.2 கிராம்தான். ஏழைக்கு ஏற்ற புகை இதுதான். குஜராத்தில் உருவான இந்தப் பழக்கம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்பட்ட பஞ்சங்களுக்குப் பிறகு பிழைப்புத் தேடிப் போன மக்களோடு மத்திய இந்தியாவுக்குப் போனது. ஜபல்பூர்ப் பக்கத்துக் காடுகளில் தெந்து என்ற மரம் ஏராளம். கருங்காலிக்கு உறவுக்கார மரம். அதன் இலை உலர்ந்தாலும் நனைத்தால் மடங்கும், நொறுங்காது, பக்குவமாக எரியும். பீடி ஒரு பெரிய தொழிலாக மாறியதற்கு அந்த இலைதான் முதல் காரணம். சுதேசி இயக்கக் காலத்தில் சீமைச் சிகரெட்டை ஒதுக்கியவர்கள் பீடிக்கு மாறியது இரண்டாவது காரணம்.

தெற்கே மங்களூர் பெரிய மையமானது. தமிழ்நாட்டில் நெல்லைப் பகுதி. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், சங்கரன்கோவில் என்று ஊர் ஊராகப் பரவியது. முக்கூடல் சொக்கலால் ராம்சேட் பீடி, செய்யது பீடி, காஜா பீடி என்ற பெயர்களைத் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையில் பார்க்காதவர்கள் குறைவு. (முக்கூடற்பள்ளு பாடப்பட்ட முக்கூடல் இதுவல்ல. அது சீவலப்பேரிப் பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.)

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பீடிக்கு வேண்டிய எதுவும் இந்த மண்ணில் விளைவதில்லை! இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளிலிருந்து வருகிறது. பெரும்பாலும் ஆதிவாசிகள் கோடையில் பறித்து, ஐம்பது இலைக்கு ஒரு கட்டாகக் கட்டி விற்பது அது. தூள் குஜராத்தின் ஆனந்த், கேடா பகுதிகளிலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணியிலிருந்தும் வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சரக்கைக் கொண்டுவந்து இங்கே சுற்றுவது ஏன்? மழை பார்த்த பூமி, மலையின் மறைவில் கிடக்கும் வானம் பார்த்த காடு. விவசாய வேலை வருடத்தில் சில மாதம்தான். சங்கரன்கோவில் ஊருக்குள் விசைத்தறி உண்டு, பூ மார்க்கெட் உண்டு. சுற்றுக் கிராமங்களில் வெளியே போய் வேலை பார்க்க முடியாத பெண்களுக்கு என்ன உண்டு? முதலாளிகள் தேடி வந்தது அந்தப் பெண்களின் விரல்களைத்தான்.

சரி, அந்த விரல்கள் என்ன செய்கின்றன? வெளியிலிருந்து பார்த்தால் சுலபமாகத் தெரியும். முந்தின நாள் இரவே இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். நனைவு கூடினால் பீடி பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் இலை வெட்டும்போதே கிழியும். காலையில் இலைமேல் தகடை வைத்துக் கத்தரியால் அளவாக வெட்ட வேண்டும். ஒரு இலையில் ஒன்று வெட்டுவதா, தகடைத் திருப்பி இரண்டு எடுப்பதா என்று கண்ணே தீர்மானிக்கும். அங்கேதான் லாப நஷ்டம் இருக்கிறது. பிறகு நரம்பு தடித்திருந்தால் சீவ வேண்டும். மடியில் தட்டு அல்லது சுளகு. அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, நடுவில் தூள், ஓரத்தில் நூல். இலையை இடக்கையில் பிடித்து, தூளை நீளவாக்கில் பரப்பி, கூம்பாக உருட்டி, வாயை மடக்கி அடைத்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்தால் ஒரு பீடி. கை பழகியவர்களுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பேசிக்கொண்டே சுற்றுவார்கள், டிவி பார்த்துக்கொண்டே சுற்றுவார்கள்.

இறுக்கம்தான் இதில் சூட்சுமம். இறுக்கிச் சுற்றினால் புகை இழுக்க வராது. தளர்த்தினால் தூள் கொட்டும். தெந்து இலை சிகரெட் காகிதம் மாதிரி தானாக எரிந்துகொண்டே இருக்காது, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். ஆகவே காற்று போகும் வழியைச் சுற்றுபவரின் கட்டைவிரல்தான் அமைக்கிறது. செயின்ட் க்ளாட் தச்சர் சுங்கானுக்குள் துளை போடும்போது கவனிப்பதும் இதே காற்று வழிதான். அவரிடம் துளையிடும் கருவி உண்டு, இங்கே விரல் மட்டும்.

சுற்றிய பீடியை 25, 25ஆகக் கட்டி, பீடிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே கணக்குப்பிள்ளை கட்டைப் பிரித்துப் பார்ப்பார். சரியில்லை என்று சொல்லி ஒதுக்குவதற்குக் கழிவு என்று பெயர். கழித்ததற்குக் கூலி இல்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு இலை என்று எடை போட்டுக் கொடுப்பார்கள். இலை ஓட்டையும் கறையுமாக இருந்து குறைந்துபோனால், சுற்றுபவர் கைக்காசு போட்டு வெளியே இலை வாங்கி எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். ஆக, இலையின் குறையும் அவர் தலையில், விரலின் குறையும் அவர் தலையில்.

இந்தத் தொழிலைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பது தனிக் கதை. 1948இல் மத்திய மாகாண அரசு, விவசாயப் பருவத்தில் குறிப்பிட்ட கிராமங்களில் யாரும் பீடி சுற்றக் கூடாது என்று உத்தரவிட வழி செய்யும் ஒரு சட்டம் போட்டது. வயலுக்கு ஆள் கிடைக்கவில்லையாம்! சிந்தாமன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950 நவம்பரில் அதைச் செல்லாது என்றது. வயலில் இறங்க முடியாத முதியவர்களும் ஊனமுற்றோரும் எப்படிப் பிழைப்பார்கள் என்பதும் நீதிபதிகள் யோசித்த காரணங்களில் ஒன்று. அடிப்படை உரிமைகள் பற்றிச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்லப்படும் வழக்கு இது.

1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. வேலை நேரம், விடுமுறை, பட்டறைக்கு உரிமம் எல்லாம் வந்தன. உடனே என்ன நடந்தது? கண்ணூரில் மங்களூர் முதலாளிகள் 1968இல் பட்டறைகளை மூடிவிட்டுப் போனார்கள். சுமார் 12,000 பேர் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவு பிறந்தது. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றும் பட்டறைகள் அவை. பின்னாளில் பீடி விற்பனை சரிந்தபோது தினேஷ் தேங்காய்ப்பால், மசாலா, குடை என்று மாறிக்கொண்டது.

நெல்லையில் அப்படி ஒன்று வளரவில்லை. காரணம் எளிது. கண்ணூரில் ஆண்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே பெண்கள் ஆளுக்கொரு திண்ணையில் இருந்தார்கள். பட்டறை என்றால் சட்டம் வரும், வீடு என்றால் வராது என்று கணக்குப் போட்ட முதலாளிகள் நாடெங்கும் வேலையை வீட்டுக்குத் தள்ளினார்கள். சில இடங்களில் இலையையும் தூளையும் 'விற்பது' போலவும், பீடியைத் திரும்ப 'வாங்குவது' போலவும் கணக்கு எழுதினார்கள். அப்போது சுற்றுபவர் தொழிலாளி அல்ல, வியாபாரி ஆகிவிடுகிறார்!

இதை உடைத்த வாதம்தான் சுவாரசியமானது. வருங்கால வைப்பு நிதி தொடர்பான பி.எம்.படேல் அண்ட் சன்ஸ் வழக்கில், வீட்டில் சுற்றுபவர்கள்மீது எங்களுக்கு எந்த மேற்பார்வையும் இல்லை, ஆகவே அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல என்றனர் கம்பெனிக்காரர்கள். தரமில்லை என்று கழிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனை காலம் கூலியைத் தின்ற அதே கழிவு, அவர்கள் தொழிலாளிகள் என்பதற்குச் சாட்சியாக வந்து நின்றது.

அதன் பிறகு பாஸ் புத்தகத்துக்கு மதிப்புக் கூடியது. 1976 சட்டத்தின்படி அமைந்த நல நிதியிலிருந்து மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட உதவி ஆகியவை கிடைத்தன. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண் பார்க்க வரும்போது பீடி சுற்றத் தெரியுமா, கார்டு இருக்கிறதா என்று கேட்பது வழக்கமாக இருந்தது. சீதனத்தில் அதுவும் ஒன்று என்றே சொல்லலாம். ஆனால் கார்டு ஒருவர் பெயரில், சுற்றுவது வீட்டில் மூன்று பேர் என்பதும் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமிகள் நூல் கட்ட உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டு பீடித் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், இந்தத் தொழிலில் குழந்தைகளை வைத்து வேலை வாங்குவதை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பீடி உயிரைக் குடிக்கும் பொருள். அடிக்கடி இழுத்தால்தான் எரியும் என்பதால் புகையும் நஞ்சும் அதிகமாகவே உள்ளே போகின்றன. சுற்றுபவர்களுக்கும் தூளின் நெடியால் இருமல், குனிந்தே இருப்பதால் முதுகுவலி. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை, 2009 மே 31 முதல் கட்டுகளில் எச்சரிக்கைப் படம் என்று வந்தவை எல்லாம் வரவேற்க வேண்டியவைதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. அதே சமயம், நல நிதிக்கென்று பீடியில் வசூலித்த தனி செஸ் ஒழிந்துபோனது. 1966 சட்டமும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. பீடி குறைய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. குறையும்போது மத்திய அரசின் கணக்கில் உள்ள ஏறத்தாழ 50 லட்சம் பீடித் தொழிலாளர்கள் எங்கே போவது என்ற கேள்விக்குத்தான் கண்ணூர்த் தேங்காய்ப்பாலைத் தவிர உருப்படியான பதில் அதிகம் இல்லை.

படித்த பெண்கள் இப்போது தட்டை மடியில் வைப்பதில்லை. தென்காசி, திருப்பூர், சென்னை என்று வேறு வேலைக்குப் போகிறார்கள். மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். வருடக்கணக்கில் இலையை உருட்டி உருட்டி விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோய், பென்ஷன், ரேஷன் என்று எதற்குப் போனாலும் கைரேகைக் கருவி அவர்களை ஏற்க மறுப்பதாகப் பல மாநிலங்களிலிருந்தும் செய்திகள் வந்திருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்குக் கண் கருவிழியைப் பதிந்து அடையாளம் காட்டும் வழியும் இருக்கிறது.