கிராணி: சொல்லும் நோயும்

உணவு செரியாமை யாண்டும் காணப்படும் எளிய நோயாகும். ஆயின், அதனோடு காரணம் அறியப்படாத உடல் மெலிவும் சேரின் அஃது எளியதன்று. இவ்வுண்மையை மருத்துவ வரலாறு எவ்வாறு தெளிவித்தது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நெடுநாள் வயிற்றுப்போக்கால் உடல் தேயும் நிலையை நம் நாட்டு மருத்துவர் கிராணி என்றனர். இது கிரகணி என்னும் வடசொல்லின் திரிபு. பற்றுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த அச்சொல், உண்ட உணவைச் செரிக்குமளவும் தாங்கி நிறுத்தும் உறுப்பை முதற்கண் குறித்தது. பின்னர் அவ்வுறுப்பின் நோய்க்கும் ஆகிவந்தது. சரக சங்கிதையில் சிகிச்சைப் பகுதியின் 15-ஆம் இயல் இந்நோயைப் பற்றியதே. உடல் பற்றவேண்டியதைப் பற்றாமையே நோய் என்னும் கருத்துச் சொல்லிலேயே பொதிந்துள்ளமை காண்க.

இதனையொத்த நோயொன்றை வில்லியம் இல்லாரி என்பார் 1759-இல் பார்படோசுத் தீவில் கண்டு எழுதினார். 1880-இல் பாட்ரிக் மான்சன் டச்சு மொழிச் சொல்லைத் தழுவி அதற்கு 'ஸ்புரு' எனப் பெயரிட்டார்.

நெசவூராகிய சந்தவாசல் அந்நாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டச் சிற்றூர்களில் 1960 முதல் 1962 வரை இந்நோய் கொள்ளைநோயெனப் பரவிற்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் அதனை ஆராய்ந்தனர். நோயுற்றோர் குடல், கொழுப்பையும் வைட்டமின் பி12 முதலியவற்றையும் செவ்வனே உறிஞ்சவில்லை. தம்முள் தொடர்பற்ற இரண்டு பொருள்களேனும் உறிஞ்சப்படாமை, பிற காரணங்கள் விலக்கப்பட்டமை ஆகிய இரண்டும் அமைந்தாலன்றி இந்நோயென்று துணிதல் ஆகாது என அவர்கள் வரையறுத்தனர்.

இவ்வரையறையின் பிற்பகுதியே நாம் கருதத்தக்கது. குடற் காசநோயும் புற்றுநோயும் கிராணி போன்றே தோன்றலாம். பெயரிட்டதனால் நோய் அறியப்பட்டதாகாது. 6 முதல் 12 திங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டிற்கு மேல் தானே குறையின் ஆராய்தல் வேண்டும் என்பது இற்றை மருத்துவ நெறி. 60 கிலோ எடையுள்ள நெசவாளர்க்கு அது 3 கிலோவே. தறிவேலையின் களைப்பென்றோ உடற்சூடென்றோ அதனைக் கழித்துவிடுதல் எளிது. விழுங்குதற்கு அருமை, மலத்தில் குருதி, ஓயா வாந்தி, சோகை, மஞ்சட் காமாலை என்பவற்றுள் ஒன்று உடன் சேரினும் காலந்தாழ்த்தல் தகாது.

கிராணி என்னும் சொல் நோயின் தன்மையை உணர்த்திற்று. அதன் காரணத்தை அறிதற்கோ தக்க ஆய்வு வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.