வார்டு வேலை பார்த்த இறையியல் மாணவர்கள்

மருத்துவமனைக்குக் களப்பணிக்குப் போனால் நாங்கள் முதலில் தேடுவது டாக்டரை. அப்புறம் நர்ஸை. நோயாளியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றுகிற ஆயாவிடம் உட்கார்ந்து பேசியது குறைவு. அந்த வேலையில் இருக்கும் பலர் நம் சேரிகளிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தும்தான் இப்படி. அதனால்தான் ஆன்டன் பாய்சனின் வரலாறு எங்களை உறுத்துகிறது.

பாய்சன் அமெரிக்காவில் பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர். 1920இல் மனம் கடுமையாகக் குலைந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மனநல மருத்துவமனையில் ஓராண்டுக்கும் மேல் அடைபட்டார். அங்கே டாக்டர்கள் நோயாளியிடம் அவர் மனதில் ஓடுவதைப் பற்றிப் பேசவே இல்லை. ஜெபம் நடத்த வந்த போதகர்களுக்கோ நோயாளிகளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. குணமாகி வெளியே வந்தவர், 1924இல் அதே மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்குப் போதகராகவே போனார். நோயாளியாக இருந்தவர் சாவிக்கொத்தோடு திரும்பினார் என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டு கோடையில் நான்கு இறையியல் மாணவர்களை அங்கே அழைத்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பர் என்ற பெண். வேதாகமத்தைக் கையில் கொடுத்து இவர்களைப் பிரசங்கத்துக்கு அனுப்பவில்லை. பகலெல்லாம் வார்டு உதவியாளர் வேலை. நர்ஸுகளோடும் மற்ற ஊழியர்களோடும் நின்று நோயாளிகளைக் கவனிக்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். அதன் பிறகுதான் கூடி விவாதம். நூல்களைப் படிக்கிற அதே கவனத்தோடு துன்பப்படும் மனிதரையும் படிக்க வேண்டும் என்பது பாய்சனின் பிடிவாதம். இன்று பல நாடுகளில் மருத்துவமனைப் போதகர்களுக்குத் தரப்படும் பயிற்சி இந்த வார்டிலிருந்து வளர்ந்ததுதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்த மாணவர்களுக்கு வார்டு வேலை ஒரு கோடைக்காலப் பாடம். பக்கத்தில் நின்ற ஊழியருக்கு அது பிழைப்பு. பாடம் எழுதியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கிறது, பாடமாக இருந்தவர்களின் பெயர் கிடைக்கவில்லை. சமூகப்பணி படித்த நாங்களும் இதே கணக்கில்தான் வருகிறோம்.

பாய்சனுக்குத் துணை நின்றவர் டாக்டர் ரிச்சர்ட் கேபட். 1905இல் பாஸ்டன் மருத்துவமனையில் சமூகப்பணிப் பிரிவைத் தொடங்கியவர். ஒரு வகையில் எங்கள் தொழிலுக்கும் முன்னோடி. மனநோய்க்குக் காரணம் உடலில்தான் என்பது அவர் நம்பிக்கை. அதில் ஆன்மிகப் போராட்டமும் உண்டு என்றார் பாய்சன். 1930இல் பாய்சனுக்கு மீண்டும் மனநலம் குலைந்தது. இனி அவர் மாணவர்களுக்குக் கற்பிக்கக் கூடாது என்றார் கேபட். எந்த அனுபவம் அந்தப் பயிற்சியைப் பிறப்பித்ததோ, அதே அனுபவம் அவரை வெளியே நிறுத்தியது. நம்மைப் பற்றிய ஆய்வுகளில் நமக்கு நேர்வதுதான். சாட்சியாக அழைப்பார்கள், ஆசிரியர் நாற்காலி தரமாட்டார்கள்.

பாய்சன் 1932இல் இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் மனநல மருத்துவமனைக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். 1936இல், தன் நோயையும் ஆதாரமாக வைத்து எழுதிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டில், நோயாளிகளுக்கு ஊழியம் செய்வது பற்றி ரசல் டிக்ஸ் என்ற போதகரோடு சேர்ந்து கேபட் எழுதிய நூலும் வந்தது.